கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்

கம்போடியா என்றவுடன் தமிழ் வாசகர் நெஞ்சில் எழுவன அங்கோர் வாட்டின் கோபுரங்களே. பாற்கடல் கடையும் சிற்பத் தொகுதி, பாரதப் போர்க் காட்சிகள், கல்லில் ஆடும் அரம்பையர் என அந்நாட்டுக் கலையைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அதே நாட்டின் தலைநகரான புனோம் பென்னில், முன்பு உயர்நிலைப் பள்ளியாக இருந்த கட்டடம் ஒன்றிலும் சில ஓவியங்கள் உள்ளன. அவற்றில் தேவரும் இல்லை, அசுரரும் இல்லை. கறுப்பு உடை அணிந்த இளைஞர்களும், எலும்பும் தோலுமாகிவிட்ட மனிதர்களும் மட்டுமே இருக்கிறார்கள். அவ்வோவியங்களைப் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு.

அவற்றை வரைந்தவர் வான் நாத் (1946–2011). அந்தக் கட்டடத்திலேயே ஓராண்டுக் காலம் கைதியாகக் கிடந்தவர். அவரைப் பற்றிய குறிப்புகள் பலவும் ஒரே வரியில் தொடங்குகின்றன: ஓவியக் கலை அவர் உயிரைக் காத்தது. அந்த வரி பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படைகள் புனோம் பென் நகருக்குள் நுழைந்தன. சில நாட்களிலேயே நகரம் காலி செய்யப்பட்டது. நோயாளிகள், முதியோர், கருவுற்ற பெண்கள் என எவருக்கும் விலக்கில்லை. பணம் ஒழிக்கப்பட்டது. பள்ளிகளும் விகாரங்களும் மூடப்பட்டன. நாடு முழுவதும் ஒரே வயலாக மாற்றப்பட்டு, மக்கள் அனைவரும் அதில் கூலியில்லா உழவர்கள் ஆயினர். மூன்று ஆண்டு எட்டு மாதங்களில் பசியாலும் நோயாலும் கடும் உழைப்பாலும் கொலையாலும் இறந்தோர் 17 லட்சம் முதல் 20 லட்சம் வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அந்நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அது.

அந்த ஆட்சியின் மையச் சிறைக்கு எஸ்-21 என்று பெயர். இன்று உலகம் அதனைத் துவோல் ஸ்லெங் என அறிகிறது. வகுப்பறைகளின் தரையில் நீண்ட இரும்புத் தண்டுகளைப் பொருத்தி, கைதிகளின் கால்களை வரிசையாக அவற்றில் பூட்டினர். வேறு சில அறைகளுக்குள் செங்கல் வைத்துக் குறுகிய தனியறைகள் எழுப்பினர். மாடியிலிருந்து குதித்து எவரும் சாவைத் தாமாகத் தேடிக்கொள்ளாதபடி தாழ்வாரங்களை முள்கம்பி வலையால் மூடினர். வந்தவுடன் ஒரு புகைப்படம், பிறகு அடித்து எழுதி வாங்கப்படும் வாக்குமூலம், அதன்பின் கொலை. இதுவே அங்கு நடைமுறை. பெரும்பாலான கைதிகள் கெமர் ரூஜ் இயக்கத்தின் சொந்த ஊழியர்களும் படைவீரர்களும் அவர்தம் குடும்பத்தினருமே. இயக்கம் தன் உள்ளேயே பகைவரைத் தேடித் தேடி உண்டது. அங்குக் கொல்லப்பட்டோர் 12,000 பேருக்கும் மேல் எனப் பின்னாளில் நீதிமன்றம் கண்டது. சிறையின் தலைவர் காங் கெக் இயவ் என்பவர். டூச் என்பது அவர் இயக்கப் பெயர். முன்னாளில் அவர் ஒரு கணித ஆசிரியர். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால், இந்தச் செய்தியை எழுதும்போது என் கை சற்றே தயங்குகிறது.

வான் நாத் பட்டம்பாங் மாகாணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் சில ஆண்டுகள் பௌத்தத் துறவியாக இருந்தார். பிறகு ஓவியம் கற்று, திரைப்பட விளம்பரத் தட்டிகளும் பெயர்ப் பலகைகளும் இயற்கைக் காட்சிகளும் வரைந்து பிழைத்தார். கெமர் ரூஜ் ஆட்சி வந்ததும் மற்றவர்களைப் போல அவரும் வயலுக்கு அனுப்பப்பட்டார். 1977 டிசம்பர் இறுதியில் கைதானார். முதலில் பட்டம்பாங்கில் மின்சாரம் பாய்ச்சி விசாரித்தனர். 1978 ஜனவரி 7 அன்று, கண் கட்டப்பட்ட நிலையில், எஸ்-21 சிறைக்குள் கொண்டுவரப்பட்டார். தாம் செய்த குற்றம் என்ன என்பது அவருக்கு இறுதிவரை விளங்கவில்லை.

அடுத்து வந்த நாட்களை, 1998-இல் வெளியான தம் நினைவு நூலிலும், பின்னர் நீதிமன்றத்திலும் அவர் விவரித்திருக்கிறார். பலரோடு ஒரே தண்டில் கால் பூட்டப்பட்டுத் தரையில் கிடந்தார். நாளுக்கு இருவேளை சில கரண்டிக் கஞ்சி. விளக்கைச் சுற்றிப் பறந்து கீழே விழும் பூச்சிகளைக் காவலர் பாராதபோது எடுத்து உண்டனர். அருகில் கிடந்தவர் இறந்தால், பிணம் அகற்றப்படும் வரை அதனருகிலேயே உண்டு உறங்கினர். ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்து அவரை அழைத்தபோது, துணையின்றி எழுந்து நிற்க முடியாத நிலையில் இருந்தார்.

அவரிடம் ஒரு மனிதரின் புகைப்படத்தைக் கொடுத்து, இதைப் பார்த்துப் பெரிதாக வரைய முடியுமா என்று கேட்டார்கள். அந்த மனிதர் யார் என்பது வான் நாத்துக்குத் தெரியாது. ஆட்சித் தலைவர்கள் தங்கள் அடையாளத்தை மறைத்தே ஆண்ட காலம் அது. அவர் போல் பாட் என்பது பின்னரே தெரியவந்தது. எந்த மனிதரின் ஆட்சி தம்மை அந்தத் தரையில் கிடத்தியதோ, அந்த மனிதரின் முகத்தை, யாரென்றே அறியாமல், உயிருக்கு அஞ்சிய கையால் அவர் வரையத் தொடங்கினார். படம் டூச்சுக்குப் பிடித்துப்போயிற்று. சிறை ஆவணங்களில் கைதிகளின் பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் அவர் பெயருக்கு எதிரே, பயன்படுத்துவதற்காக வைத்திரு என்னும் பொருள்படும் குறிப்பு காணப்படுகிறது.

இந்தக் குறிப்பை ஊன்றிப் படிக்க வேண்டும். ஓவியன் என்பதால் விட்டுவிடு என்று அது சொல்லவில்லை. பயன் உள்ளவரை வைத்திரு என்கிறது. பூ மெங் என்ற இன்னொரு ஓவியரும் அதே பட்டறையில் போல் பாட்டை வரைந்தே உயிர் தப்பினார். படம் மூலத்தை ஒத்து வராவிட்டால் கொல்லப்படுவாய் என்று அவரிடம் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. சும் மே என்பவர் இயந்திரங்களைப் பழுது பார்க்கத் தெரிந்தவர். தையல் இயந்திரங்களைச் சரிசெய்து உயிர் பிழைத்தார். கொலையாளியின் கணக்கில் தூரிகையும் திருப்புளியும் ஒன்றுதான். கலை அங்கே எவர் நெஞ்சையும் இளக்கிவிடவில்லை. அங்கு வான் நாத் செய்தது வேலை. அதைக் கலை என்று சொல்லி நாம் மகிழ்ந்துகொள்வது, அந்தச் சிறையை ஒரு நொடியேனும் அழகாக்கிக் காட்டும் பிழையாகும்.

பட்டறையில் அவருக்கு ஓரளவு உணவு கிடைத்தது, விலங்கு இல்லை. ஆனால் சுவருக்கு அப்பாலிருந்து வந்த அலறல்கள் இரவும் பகலும் காதில் விழுந்துகொண்டே இருந்தன. அலறியவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அவர் தூரிகையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். இந்த ஓராண்டின் சுமை பிற்காலத்தில் அவர் வரைந்த ஒவ்வொரு ஓவியத்திலும் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படைகள் புனோம் பென்னைக் கைப்பற்றின. அவர் சிறைக்குள் வந்து சரியாக ஓராண்டு. காவலர்கள் எஞ்சிய கைவினைஞர்களை நடத்திக்கொண்டு நகரை விட்டு ஓடினர். வழியில் ஏற்பட்ட குழப்பத்தில் வான் நாத் தப்பினார். மனைவியை மீண்டும் கண்டடைந்தார். ஆனால் அவருடைய இரு ஆண் குழந்தைகளும் அந்த ஆட்சிக் காலத்திலேயே இறந்துபோயிருந்தனர். எஸ்-21 சிறையில் உயிர் பிழைத்தவர் எழுவரே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பிந்தைய ஆய்வுகள் அத்தொகை கூடுதல் என்று காட்டின. எத்தனை பேராயினும், விரல் விட்டு எண்ணும் அந்தச் சிலரில் ஒருவராக வெளியே வந்தவர் அவர். உடல் விடுதலை பெற்றது. ஆனால் அவரது விடுதலை அங்கே முடிந்துவிடவில்லை. தொடங்கக்கூட இல்லை என்று சொல்லலாம்.

1980-இல் அந்தச் சிறை அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. அங்கு வந்து, நடந்ததை வரைந்து தருமாறு வான் நாத் கேட்டுக்கொள்ளப்பட்டார். எந்தக் கட்டடத்திலிருந்து தப்பினாரோ அதே கட்டடத்துக்குள், இம்முறை தம் கால்களால் தாமே நடந்து சென்று, அமர்ந்து வரைந்தார். கால் பூட்டப்பட்டு வரிசையாகக் கிடக்கும் கைதிகள், கண் கட்டி, கழுத்தில் கயிறிட்டு அழைத்து வரப்படுவோர், கைகால்களைக் கட்டிக் கழியில் தொங்கவிட்டு ஒரு மனிதனைச் சுமந்து செல்லும் இருவர், நீரில் மூச்சுத் திணறடிக்கும் விசாரணை, நகம் பிடுங்குதல், தாயிடமிருந்து குழந்தையைப் பறித்தல். இவையே அவர் வரைந்த காட்சிகள்.

ஓவியத் திறனாய்வாளர் சிலருக்கு இவை எளிமையானவையாகத் தோன்றக்கூடும். கோடுகள் நேரடியானவை. உருவங்கள் பெரியவை, தெளிவானவை. திரையரங்கு வாசலில் எழும் பேனரை, சாலையின் மறுபக்கம் நின்று பார்ப்பவனுக்கும் விளங்கும்படி வரைந்து பழகிய கை அது. எந்தக் கையால் திரைப்படங்களுக்குக் கூட்டம் சேர்த்தாரோ, எந்தக் கையால் போல் பாட்டின் முகத்தை வரைந்தாரோ, அதே கை, அதே பாணி. மாறியது ஒன்றே ஒன்றுதான். இம்முறை எதை வரைவது என்பதற்கான மாதிரிப் படத்தை அவரிடம் எவரும் நீட்டவில்லை. தம் நினைவைப் பார்த்து அவர் வரைந்தார். வேலை கலையாக மாறிய இடம் இதுவென்று கருதுகிறேன்.

எனினும் ஒரு நெருடலை மறைக்க வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர் மாய் லாம் என்னும் வியட்நாமிய அதிகாரி. வியட்நாமின் துணையோடு அமைந்த புதிய அரசுக்கு, முந்தைய ஆட்சியின் கொடுமைகளை உலகுக்குக் காட்டவேண்டிய அரசியல் தேவை இருந்தது. அன்றைய பனிப்போர்ச் சூழலில், ஐக்கிய நாடுகள் அவையில் கம்போடியாவின் இருக்கை கெமர் ரூஜ் தரப்பிடமே நீடித்தது. 1982-இல் அமைந்த கூட்டணியின் பெயரால் அது மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. எனவே, இவ்வோவியங்கள் ஓர் அரசின் பரப்புரை என்று சொல்லித் தள்ளிவிடுவது பலருக்கும் எளிதாயிற்று. ஓர் அதிகாரத்துக்காக வரைந்து உயிர் தப்பியவர், இன்னோர் அதிகாரத்துக்காக வரைகிறார் என்று எவரேனும் சொன்னால், என்ன விடை? இந்த ஐயத்தைத் தாண்டாமல் அந்த ஓவியருக்கு முழு விடுதலை இல்லை.

வகுப்பில் ஒருமுறை, சாட்சி என்ற சொல் தமிழா என்று ஒரு மாணவி கேட்டாள். வடசொல் என்றேன். அக்ஷம் என்றால் கண். கண்ணோடு இருந்தவன், நேரில் கண்டவன் என்பதே அச்சொல்லின் பொருள். வான் நாத்தை எண்ணும்போதெல்லாம் இச்சொல் எனக்குச் சிக்கலாகிவிடுகிறது. அவர் அந்தச் சிறைக்குள் கண் கட்டப்பட்டு நுழைந்தவர். பின்னர் சுவர்களுக்குள் அடைபட்டு, பெரும்பாலும் காதால் மட்டுமே அறிந்தவர். அவர் வரைந்த காட்சிகளில் எல்லாவற்றையும் அவர் கண்ணால் காணவில்லை. சிலவற்றைப் பிறர் சொல்லக் கேட்டார். சிலவற்றை எஞ்சிக் கிடந்த கருவிகளைக் கண்டு உணர்ந்தார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்கிறது நம் பழமொழி. அப்படியானால் அவர் ஓவியங்களைத் தீர விசாரிப்பது யார்?

முதல் விசாரணை எதிர்பாராமல் நிகழ்ந்தது. ரித்தி பான், இளமையில் கெமர் ரூஜ் கொடுமைகளில் தம் குடும்பத்தை இழந்த திரைப்பட இயக்குநர். எஸ்-21 சிறையில் கொல்லப்பட்ட போபானா என்ற பெண்ணைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் 1996-இல் வெளிவந்தது. அதன் படப்பிடிப்பில், முன்னாள் காவலர்களுள் ஒருவரான ஹிம் ஹுய்யும் வான் நாத்தும் நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது. வான் நாத் அவரை அடிக்கவில்லை, வசைபாடவும் இல்லை. தம் ஓவியங்களுக்கு முன் அவரை அழைத்துச் சென்று நிறுத்தினார். இது உண்மையா, மிகையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மிகையில்லை என்று காவலர் ஒப்புக்கொண்டார். காணாத காட்சிக்கு, அதனைக் கண்டவன் வாயிலிருந்தே சான்று கிடைத்தது.

2003-இல் வெளியான எஸ்-21 பற்றிய ஆவணப்படத்தில், ரித்தி பான் இச்சந்திப்பை விரிவாக்கினார். பழைய காவலர் பலரும் அதே கட்டடத்தில் வான் நாத்தின் முன் அமர்ந்தனர். அவர்களில் சிலர் சிறுவயதிலேயே காவல் வேலைக்கு இழுக்கப்பட்டவர்கள். தாங்களும் பாதிக்கப்பட்டவர்களே என்றனர். அப்படியானால் இங்கே கைதிகளாகக் கிடந்த நாங்கள் யார் என்று வான் நாத் கேட்டார். குரலை உயர்த்தாமல் கேட்ட அந்தக் கேள்விக்கு, அவர்களிடம் சரியான விடை இல்லை. நரைத்த தலையும் பெரிய புருவங்களுமாக, ஒரு கிராமத்துப் பெரியவரைப் போல அவர் அமர்ந்திருக்கும் தோற்றம், அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு எளிதில் மறக்காது. முன்பு விசாரிக்கப்பட்டவர் இன்று விசாரிக்கிறார். ஆனால் விசாரணை என்ற சொல்லுக்கு அந்தக் கட்டடம் கொடுத்திருந்த பொருளை அவர் கையாளவில்லை. பழிவாங்கலுக்கும் மன்னிப்புக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அது உண்மையை ஒப்புக்கொள்ள வைப்பது என்பதை அவர் நடந்து காட்டினார்.

இறுதி விசாரணை 2009-இல் நடந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் துணையோடு அமைந்த சிறப்பு நீதிமன்றத்தில் டூச் குற்றவாளிக் கூண்டில் அமர்ந்திருந்தார். சூன் 29 அன்று வான் நாத் சாட்சி சொன்னார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் பசியைப் பற்றிப் பேசும்போது அவர் கண்ணீர் விட்டார். அவரது ஓவியங்கள் நீதிமன்றத்தில் காட்டப்பட்டன. அவற்றுள் எது தாம் நேரில் கண்டது, எது பிறர் சொல்லக் கேட்டது என்பதை அவர் வேறுபடுத்திச் சொன்னார். எல்லாவற்றையும் கண்டேன் என்று சொல்லியிருந்தால், அங்கிருந்தோரில் பலர் நம்பியிருப்பர். அவர் அப்படிச் சொல்லவில்லை. தாம் நாடுவது இறந்துபோனவர்களுக்கான நீதி என்றார்.

என் வாசிப்பில், வான் நாத் முழுதாக விடுதலை பெற்ற இடம் இதுவே. எஸ்-21 ஒரு பொய்த் தொழிற்சாலை. செய்யாத குற்றத்தைச் செய்ததாகவும், காணாத ஒற்றனைக் கண்டதாகவும் ஆயிரக்கணக்கானோரை அங்கே எழுதவைத்தார்கள். அந்த வாக்குமூலங்கள் மலைபோல் குவிந்து இன்றும் இருக்கின்றன. அதே இடத்திலிருந்து வந்த ஒருவர், அதன் தலைவருக்கு முன்னால் அமர்ந்து, கண்டதைக் கண்டது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்துச் சொன்னார். அச்சிறை மனிதரிடமிருந்து எதைப் பறித்ததோ, அதை அவர் மீட்டுக்கொண்டார். யாருக்காக வரைந்தாய் என்ற ஐயத்துக்கும் அதுவே விடை. பரப்புரை செய்பவன் தன் ஓவியத்தின் எல்லையை இப்படித் தானே சுட்டிக்காட்ட மாட்டான்.

இந்த வழி எல்லோருக்கும் ஒரே இடத்தில் முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பூ மெங் அதே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சிறையில் பட்ட அடியால் அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அவரோடு கைதான அவர் மனைவி உயிருடன் திரும்பவில்லை. சிறையில் எடுத்த அவளது புகைப்படம் மட்டுமே அவருக்கு எஞ்சியது. தம் மனைவியை எங்கே கொன்றார்கள் என்று அறிய விரும்புவதாகவும், அந்த இடத்து மண்ணையாவது எடுத்து வழிபட வேண்டும் என்றும் அவர் கேட்டார். நகருக்கு வெளியே, சோயுங் எக் கொலைக்களத்தில் இருக்கலாம் என்று டூச் சொன்னார். உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பூ மெங்கும் ஓவியரே. சிறையில் பட்டதை அவரும் வரைந்தார். ஆனால் ஓவியத்தால் விடை காண முடியாத கேள்வி அவருடையது. கலை எல்லாப் பூட்டுகளுக்கும் திறவுகோல் அன்று.

வான் நாத்தின் பிற்கால வாழ்வும் எளிதானதாக இல்லை. புனோம் பென்னில் குடும்பம் நடத்திய உணவகத்தின் மாடியில் தம் ஓவியங்களை வைத்திருந்தார். சிறுநீரக நோய் நெடுங்காலம் வாட்டியது. மருத்துவச் செலவுக்கு ஓவியங்களை விற்க நேர்ந்தது. 2010 சூலை 26 அன்று டூச்சுக்கு 35 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பலருக்கும் அத்தீர்ப்பு நிறைவளிக்கவில்லை. மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாக உயர்த்தப்பட்ட 2012 பிப்ரவரி 3 அன்று வான் நாத் உயிருடன் இல்லை. 2011 செப்டம்பர் 5 அன்று அவர் காலமானார். டூச் 2020-இல் சிறைக்கைதியாகவே இறந்தார். 2025 சூலையில் துவோல் ஸ்லெங்கும் சோயுங் எக்கும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுடன் சேர்க்கப்பட்டன. அங்கோர் வாட் இடம்பெற்ற அதே பட்டியலில் இப்போது இந்தப் பள்ளிக்கூடமும் இருக்கிறது.

இது பொருத்தமே என்று நினைக்கிறேன். ஒரு நாட்டின் கலை வரலாற்றில் பாற்கடல் கடைந்த சிற்பியும் உண்டு. நஞ்சு மட்டுமே எழுந்த காலத்தை வரைந்தவரும் உண்டு. போல் பாட்டின் உருவப்படங்களைக் காண இன்று எவரும் பயணம் செய்வதில்லை. தரையில் பூட்டப்பட்டுக் கிடந்த பெயரறியா மனிதர்களின் ஓவியங்களுக்கு முன்னால்தான், உலகின் பல திசைகளிலிருந்தும் வருவோர் பேச்சற்று நிற்கிறார்கள். பயன்படுத்துவதற்காக வைத்திரு என்று எழுதிய கை, இந்தப் பயனை எண்ணி அதை எழுதவில்லை.